ஒரு விக்கெட்டின் விலை

ஏரவாடாவைப் பற்றி வெளியூர் அன்பர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் அதன் சிறைச்சாலையைத்தான். 1932-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்கே உண்ணாவிரதம் இருந்ததும், பூனா ஒப்பந்தம் பிறந்ததும் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் முளா-முட்டா நதியின் பாலத்தைக் கடந்து நகருக்குள் சென்றால் இவ்வூருக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. அது எண்களால் எழுதப்பட்ட சரித்திரம். அந்நாளில் பூனா என்றும் இந்நாளில் புனே என்றும் வழங்கும் இந்நகரின் கிரிக்கெட் கணக்கைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். கணக்கு என்றவுடன் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் மூன்று எண்களைச் சொல்கிறோம்: 47.65, 47.72, 47.93. மூன்றும் மட்டை வீரர்களின் சராசரிகள். முதலாவது, விஜய் ஹஸாரே 30 டெஸ்ட் பந்தயங்களில் 2,192 ரன்கள் எடுத்துப் பெற்றது. இரண்டாவது, விஜய் மர்ச்சென்ட் 10 டெஸ்ட் பந்தயங்களில் பெற்றது. மூன்றாவது, பாவுசாகேப் நிம்பால்கர் 80 முதல்தரப் பந்தயங்களில் 4,841 ரன்கள் குவித்துப் பெற்றது. மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஆட்டமே அறியாத ஒருவரிடம் காட்டினால், மூவரும் சமமான ஆற்றல் படைத்தவர்கள் என்றுதான் சொல்வார். முதலாமவரும் மூன்றாமவரும் நின்று ஆடிய இடங்கள் வேறு, எதிர்த்து நின்ற பந்து வீச்சாளர்கள் வேறு என்பதை அந்தக் காகிதம் அவருக்குச் சொல்லாது. ஹஸாரே 1948 ஜனவரியில் அடிலெய்டில் லிண்ட்வால், மில்லர் ஆகியோரின் வேகத்தை எதிர்த்து 116, 145 என்று இரு சதங்கள் அடித்தவர். அந்த இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா முழுவதும் எடுத்ததே 277. நிம்பால்கருக்கோ அதிகாரபூர்வமான டெஸ்ட் பந்தயம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. மர்ச்சென்டின் கதை இன்னும் வினோதமானது. அவர் ஆடிய பத்து டெஸ்டுகளும் இங்கிலாந்தை எதிர்த்தே ஆடப்பட்டவை. அங்கே 47.72 பெற்றவரின் ரஞ்சிக் கோப்பைச் சராசரி 98.75! மனிதர் ஒருவர்தான், மட்டையும் ஒன்றுதான். ஆனால் எண் மாத்திரம் இரண்டு மடங்காகி விடுகிறது.

ஆகவே சராசரி என்பது ஆளின் அளவு மாத்திரமன்று. ஆடிய இடத்தின் அளவும் அதற்குள் கலந்திருக்கிறது. பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பதுபோல அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு நாம் கைக்கொள்ளும் வழி மிக எளியது. ஒரு பந்தயத்தில் இரு கட்சியாரும் எடுத்த ரன்களை எல்லாம் கூட்டி, விழுந்த விக்கெட்டுகளின் தொகையால் வகுத்தால், அந்தக் களத்தில் அந்த நாட்களில் ஒரு விக்கெட்டின் விலை என்ன என்பது தெரிந்துவிடும். அரிசி விலை தெரியாமல் சம்பளத்தின் மதிப்பைச் சொல்ல முடியுமா? சென்னையை விட்டு வந்த நம்மில் யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமன்று.

இந்தக் கணக்கை நம்முடைய இரண்டு ஊர்களுக்கும் போட்டுப் பார்ப்போம். ரஞ்சிக் கோப்பையின் முதற் பந்தயம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. மைசூர் எடுத்தவை 48, 59. சென்னை எடுத்தது 130. ஒரே நாளில் பந்தயம் முடிந்துவிட்டது. மொத்தம் 237 ரன், 30 விக்கெட். ஒரு விக்கெட்டின் விலை 8 ரன்னுக்கும் குறைவு. அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங் பெயரைக் கேட்டதும் நமக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகும். அமிர்தசரஸிலிருந்து பெயர்ந்து சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அவருடைய புதல்வர்கள் கிருபாள் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர். நாம் வடக்கே வந்தோம், அவர்கள் தெற்கே சென்றனர். கணக்கு எங்கோ ஓரிடத்தில் நேராகிறது.

இனிப் பூனாவுக்கு வருவோம். 1949 மார்ச் மாதத்தில் இங்கே பம்பாய்க்கும் மகாராஷ்டிரத்துக்கும் நடந்த ரஞ்சி அரையிறுதிப் பந்தயம் உலக சாதனை ஆயிற்று. பம்பாய் 651, 714. மகாராஷ்டிரம் 407, 604. கூட்டினால் 2,376 ரன். முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரே பந்தயத்தில் அத்தனை ரன் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. விழுந்தவை 38 விக்கெட். ஒரு விக்கெட்டின் விலை 62½ ரன். சேப்பாக்கத்து விலையைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு! அப்பந்தயத்தில் பம்பாயின் மாதவ் மந்திரி 200 அடித்தார். சேப்பாக்கத்து நாணயத்தில் மாற்றினால் அது 25 ரன். நாலாபுறமும் விக்கெட் சரிந்த அந்த ஒரு நாளில் ஒருவர் 25 ரன் எடுத்திருந்தால் அவரை யார் இன்று நினைவில் வைத்திருப்பார்கள்? இருநூறு அடித்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இருபத்தைந்து அடித்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வான்.

இந்த நாணய மாற்றை எல்லை மீறிக் கொண்டு போகக் கூடாது என்பதும் உண்மையே. ஒற்றைப் பந்தயம் ஒரு களத்தின் குணத்தை முழுவதும் காட்டிவிடாது. மேலும் விக்கெட்டுகள் வீழ்ந்தது களத்தின் குற்றமா, வீச்சாளனின் திறமையா என்பதை வகுத்தல் சொல்வதில்லை. ராம்சிங்கின் சாமர்த்தியத்தை எல்லாம் மண்ணின் கணக்கில் எழுதிவிட்டால் அதுவும் அநியாயமே. எனினும், ஒன்றும் பாராமல் 200-ஐ 25-க்கு அருகில் வைத்துச் சிரிப்பதைக் காட்டிலும் இது நேர்மையான வழி என்பது நம் துணிபு.

ஒரே ஊரில், ஒரே மைதானத்தில்கூட விலை மாறிவிடுகிறது. நகருக்கு வெளியே கஹுஞ்சேயில் உள்ள புதிய மைதானத்தை நம் பிள்ளைகள் அறிவார்கள். 2017 பிப்ரவரியில் அங்கே நடந்த முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 260, 285 எடுக்க, இந்தியா 105, 107-க்குச் சுருண்டது. பந்து சுழன்ற சுழற்சியைக் கண்டு, அக்களம் தரக்குறைவானது என்றே பந்தய நடுவர் குறித்து வைத்தார். அந்த மண்ணில் ஸ்டீவ் ஸ்மித் 109 ரன் எடுத்தார். அவருடைய அந்த இன்னிங்ஸை ஒதுக்கி, மற்றெல்லா ரன்களையும் மற்றெல்லா விக்கெட்டுகளாலும் வகுத்தால் விலை 16½ அளவில் நிற்கிறது. 2019 அக்டோபரில் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை எதிர்த்து விராட் கோலி 254 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அவரை ஒதுக்கிப் பார்த்தால் அன்றைய விலை 32½ அளவு. ஆக, ஸ்மித் எடுத்தது விலையைப்போல் ஆறரை மடங்கு, கோலி எடுத்தது எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கோலியே மேல் என்பது மாறவில்லை. ஆனால் 109-க்கும் 254-க்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த பெரும் பள்ளம் வெகுவாகத் தூர்ந்துவிட்டது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நிம்பால்கரிடம் திரும்புவோம். 1948 டிசம்பரில் பூனாவில் மகாராஷ்டிரம் கத்தியவாரை எதிர்த்து ஆடிற்று. கத்தியவார் 238-க்கு ஆட்டமிழந்தது. மகாராஷ்டிரம் நான்கே விக்கெட்டை இழந்து 826 எடுத்தது. அதில் நிம்பால்கர் 494 நிமிஷம் நின்று, 49 பவுண்டரியும் ஒரு சிக்ஸரும் அடித்து, 443 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். அவரும் கமல் பண்டார்க்கரும் இரண்டாம் விக்கெட்டுக்கு 455 ரன் சேர்த்தனர். உலகில் அன்றைக்கு அதிக ரன் என்ற பெருமை பிராட்மன் 1930-இல் எடுத்த 452-க்கு இருந்தது. பத்து ரன் எடுத்தால் நிம்பால்கர் அதைக் கடந்துவிடுவார். இடைவேளையில் கத்தியவாரின் தலைவர் ராஜ்கோட் தாகூர் சாகேப், ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் நாங்கள் திரும்பிப் போகிறோம் என்றார். மகாராஷ்டிரத்தார் இணங்கவில்லை. கத்தியவார் பந்தயத்தை விட்டுக்கொடுத்து மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பத்து ரன் எடுக்கப்படாமலே நின்றது. இருந்தும், ரஞ்சிக் கோப்பையில் ஒருவர் எடுத்த மிக அதிக ரன் இன்றும் அந்த 443-தான்.

எதிர்க்கட்சி எளியது, பூனா மண் மட்டைக்காரருக்குத் தாய்போன்றது, ஆகவே 443-க்குப் பெரிய மதிப்பில்லை என்று வாதிடுவோரை நாம் பல திண்ணைகளில் கண்டதுண்டு. மண் எளியது என்பதை மறுக்க முடியாது. 1939-40 பருவத்தில் ஹஸாரே 316 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றதும் இந்த ஊரில்தான். ஆனால் வகுத்துப் பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. நிம்பால்கரின் ரன்னை ஒதுக்கிவிட்டால் அப்பந்தயத்தில் மிச்சம் 621 ரன், 14 விக்கெட். விலை 44-க்குச் சற்று மேல். எளிய மண்தான், மறுக்கவில்லை. அந்த எளிய மண்ணில் மற்றவர்கள் தலைக்கு 44 எடுத்தபோது ஒருவர் 443 எடுத்திருக்கிறார். பத்து மடங்கு! எதிர்க்கட்சி எளியதென்றால் அது பண்டார்க்கருக்கும் மற்றோருக்கும் சேர்த்துத்தானே எளியது?

இதற்கு இணையாக நாம் அறிந்த ஒன்று 1943 டிசம்பரில் பம்பாய்ப் பிராபோர்ன் மைதானத்தில் நடந்தது. அந்நாளில் சமயவாரியாகக் கட்சி பிரித்து ஆடிய பென்டாங்குலர் என்ற விழா இருந்தது. (அது ஒழிந்தது நல்லதே.) ஹிந்துக் கட்சி 5 விக்கெட்டுக்கு 581 எடுத்திருந்தது. கிறிஸ்தவரும் பிறரும் சேர்ந்த ‘மற்றோர்’ கட்சி 133-க்கு வீழ்ந்து மீண்டும் ஆட வந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் அவர்கள் எடுத்தது 387. அதில் ஹஸாரே ஒருவரே 309. மற்ற அனைவரும் உதிரிகளும் சேர்ந்து 78! அவரும் சகோதரர் விவேக்கும் ஆறாம் விக்கெட்டுக்கு 300 ரன் சேர்த்தபோது விவேக்கின் பங்கு 21. நம் முறைப்படி வகுத்தால் 309 என்பது விலையைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். அதாவது, கணக்கின்படி நிம்பால்கரின் 443-ம் ஹஸாரேயின் 309-ம் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். நம் மனம் மட்டும் ஹஸாரேயின் பக்கம் சாய்கிறது என்பதை ஒளிப்பானேன்? தோல்வி நிச்சயமான கட்சியில் நின்று அடித்ததற்கு எந்த வகுத்தலும் மதிப்புப் போடாது. அது நம் விருப்பம்.

இவ்வழியைக் கிரிக்கெட்காரரைவிடத் தீவிரமாகப் பின்பற்றுவோர் அமெரிக்கர்கள். நம் குடும்பங்களில் பாதிக்கு இன்று அந்நாட்டில் ஒரு மகனோ மகளோ இருப்பதால், பேஸ்பால் என்னும் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்வதில் தவறில்லை. அங்கே ரன்னை வகுப்பதில்லை. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் எத்தனை முறை நல்ல அடி விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். 1930-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் கட்சியின் பில் டெர்ரி என்பவர் ஆயிரத்துக்கு 401 என்னும் விகிதம் பெற்றார். 1968-இல் பாஸ்டன் நகரத்துக் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி ஆயிரத்துக்கு 301 பெற்றுத் தம் லீகில் முதல்வரானார். ஆயிரத்துக்கு நூறு அடி வித்தியாசம். முன்னவர் தேவேந்திரன், பின்னவர் சாமானியர் என்று தோன்றும். ஆனால் 1930-இல் டெர்ரியின் லீக் முழுவதும் பெற்ற சராசரியே 303. யாரைப் பார்த்தாலும் அடித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. 1968-இல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் லீக் சராசரி 230. அந்த ஆண்டு எறிபவர்களின் கை ஓங்கியிருந்ததால், மறு ஆண்டே எறிமேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். 401-ஐ 303-ஆல் வகுங்கள், 301-ஐ 230-ஆல் வகுங்கள். ஒருவர் சூழ்ந்தோரைவிட நூற்றுக்கு 32 பங்கு மேல், மற்றவர் 31 பங்கு மேல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில் இருவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். இப்போது அங்கே லீகின் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தின் தன்மையையும் கழித்து, ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். 100 என்றால் நடுத்தரம். 130 என்றால் நூற்றுக்கு 30 பங்கு மேல். நம் நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் வரை இம்முறை வர வேண்டும் என்பது நம் ஆசை.

பள்ளிப் பிள்ளைகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தமையனார் மகன் பதினேழு வயதினன். நதிக்கரையில் பாய் விரித்த களங்களில் ஆடி வளர்ந்தவன். சென்ற பருவத்தில் ஒரு தேர்வுக் குழுவினர் பிள்ளைகளின் சராசரிகளை மேலிருந்து கீழாக அடுக்கி, நடுவில் ஒரு கோடு கிழித்தனர். அவன் பெயர் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. கோட்டுக்கு மேலே நின்றவர்களில் பலர் நல்ல புல்தரையில் ஆடுபவர்கள். தமையனார் அன்றிரவே, “போதும் தம்பி, இனி அவன் மட்டையைப் பரணில் போடட்டும். அடுத்த ஆண்டு என்ஜினீயரிங் பரீட்சை இருக்கிறது” என்று நம்மிடம் சொன்னார். பையன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் கை சரியாக வைக்கவில்லை. அண்ணியார் இருவருக்கும் நடுவில் நின்று தவித்தார்.

நாம் யாருக்கும் ஆதரவாகப் பேசவில்லை. இரண்டு பருவத்து ஸ்கோர் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பகல் வரை, அவன் ஆடிய ஒவ்வொரு பந்தயத்துக்கும் விக்கெட்டின் விலையை வகுத்து எழுதினோம். பையன் கூட்டினான், நாம் வகுத்தோம். முடிவு இருபக்கமும் வெட்டுவதாக இருந்தது. பாய் விரித்த களங்களில், மற்றவர்கள் தடுமாறிய இடங்களில், அவன் சூழ்ந்தோரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடுத்திருந்தான். புல்தரையில் ஆடிய சில பந்தயங்களிலோ, அவனும் மற்றவரும் ஒன்றே. எளிய இடத்தில் பெரிதாகக் குவிக்கும் கலை அவனுக்கு இன்னும் கைவரவில்லை என்பது அந்தப் பத்தியில் பச்சையாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அவன் முகம் சற்று வாடிற்று. “இதையும் எழுதத்தான் வேண்டுமா, சித்தப்பா?” என்றான். எழுத வேண்டும் என்றோம்.

தாளைத் தமையனாரிடம் கொடுத்தோம். முப்பது ஆண்டு கணக்குத் துறையில் உழைத்தவர் அவர். மகனின் ஆட்டத்தை மைதானத்துக்கு வந்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் எண் எழுதிய தாளைக் கண்டால் பென்சில் இல்லாமல் இருக்க மாட்டார். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டார். ஒரு பந்தயத்தில் அவன் ஆட்டமிழக்கவில்லை என்று மட்டைக்காரர் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் வீச்சாளர் பக்கத்தில் ஒரு விக்கெட் அதிகமாக இருந்தது. “இது எப்படி?” என்று கேட்டார்.

“அன்றைக்கு நான் எல்.பி.டபிள்யூ. ஆனேன் அப்பா. ஸ்கோர் எழுதியவர் விட்டுவிட்டார்” என்றான் பையன்.

தமையனார் அந்த ஒரு விக்கெட்டையும் சேர்த்து மறுபடி வகுத்தார். எண் சற்று இறங்கிற்று. பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, புதியதைத் தம் கையால் பக்கத்தில் எழுதி, கீழே தேதியும் போட்டார். அடுத்த பருவமும் அவன் ஆடலாம், ஆனால் பந்தயம் முடிந்த அன்றே ஸ்கோர் புத்தகத்தின் நகல் தம்மிடம் வந்துவிட வேண்டும், புல்தரைப் பந்தயங்களைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.